பால் கணக்குப் பென்சில்

செல்லக்கண்ணு விற்றது பதினொரு கிலோ.
அவன் அப்பா சேர்த்த வேத விளக்கவுரை, ஏழு தொகுதி,
பொறையாறு பழைய பேப்பர் கடையில்
கிலோ பதினான்கு ரூபாய்.
மேலே கொஞ்சம் போட்டு
வேதப்புத்தகத்துக்கு ஜிப் வைத்த உறை வாங்கினான்.
"இது ஒன்று போதும் மச்சான்.
ஆண்டவர் பேசும்போது
நடுவில் எவனுக்கு என்ன வேலை?"

நான் நடுவில் நிற்கிற உத்தியோகம்.
வீரசோழனில் பிரியும் வாய்க்கால் தலைப்பில்
பொதுப்பணித்துறை லஸ்கர்.
ஷட்டருக்கு கிரீஸ் போட்டு,
அடி பார்த்து நோட்டில் எழுதி,
மேலே இருப்பவர் கேட்டால் சொல்லி,
கீழே இருப்பவர் திட்டினால் வாங்கி
இருபத்திரண்டு வருஷம்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
ஒரு மனுஷன் கை படாமல்
கடைமடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

சொன்னேன்.
"தண்ணீர் வேறு, வார்த்தை வேறு" என்றான்.
சரிதான்.
என் உவமையை நானே முழுக்க நம்பவில்லை.
தூர்ந்த வாய்க்கால் தண்ணீரைத் தானே குடித்துவிடும்.
போன லெந்து நாளில் புது ஐயர்
ஒரே வசனத்துக்கு முக்கால் மணி நேரம் கிரேக்கம் சொன்னார்.
உளுந்து பறித்துவிட்டு நேரே வந்த பெண்கள்
வந்த தாகத்தோடே எழுந்து போனார்கள்.

ஆனால் செல்லக்கண்ணு கொல்லையில் இறக்கிய
போரும் எனக்குத் தெரியும்.
எவன் மதகும் வேண்டாம் என்று இருநூறு அடி.
இரண்டு வருஷம் இளநீர் மாதிரி வந்தது.
இப்போது குழாய் வாயில் உப்புப் பூக்கிறது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வேறொன்று கேட்டேன்.
நீ சத்தமாக வாசிக்கிறாயே, கிருபை,
அந்தச் சொல்லை யாரோ ஒருவர்
விளக்கு வைத்து உட்கார்ந்து
பத்துச் சொல்லைத் தள்ளிவிட்டு எடுத்திருக்கிறார்.
அவர் நடுவில் நிற்கவில்லையா?
ஜிப்பை இழுத்து மூடினான்.

சனிக்கிழமை பேப்பர் கடைக்குப் போனேன்.
ஆறு தொகுதி லாரி ஏறிவிட்டது.
மிஞ்சியது நான்காவது, முதுகு கிழிந்தது.
இருபது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.
ஷட்டர் மேடையில் உட்கார்ந்து பிரித்தேன்.
பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்தவனைப் பற்றி
விளக்கக்காரர் அழகாக எழுதியிருந்தார்.
இழப்பு ஒரு பள்ளிக்கூடமாம்.
ஓரத்தில், பென்சிலில்:
இல்லை.

பால் வாங்காத தேதிக்கு எதிரே
எங்கள் வீட்டு நோட்டில் எழுதப்படும் அதே இல்லை,
லையின் கொம்பு பெரிதாக வளைந்து.
மங்களம்.

அலை வந்த மார்கழிக்குப் பிறகு
ஐந்து மாதம் தாய்வீட்டில் இருந்தாள்,
பெனிட்டா இல்லாமல்.
போனில் கேட்டால் "வாசிக்கிறேன்" என்பாள்.
வேதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லை.
யார் சொன்னது?
நீர் பிள்ளை பெற்றவரா?
ஓரிடத்தில் முனை ஒடிந்து
தாள் கிழிந்திருந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை என்று
அவர் ஒப்புக்கொள்ளும் பத்திக்குப் பக்கத்தில்,
அழுத்தாமல்,
இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து
அவளுடைய வேதப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்.
ஒரு புள்ளி கிடையாது.
இதில் எழுதப் பயந்தவள்
அதில் ஒரு மனுஷனைப் பிடித்து நிறுத்திச்
சண்டை போட்டிருக்கிறாள்.
என்னோடு போடாத சண்டை.

ஆராதனை முடிந்து செல்லக்கண்ணு கேட்டான்,
"வசனம் போதாதா உனக்கு?"
போதும் என்றேன்.
போதும்தான்.
அதோடு தனியாக இருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்,
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று ராத்திரி நான்காம் தொகுதியை
பால் நோட்டுக்கு அடியில் வைத்தேன்.
அவள் பார்த்தாள்.
அடுப்பைத் துடைத்தாள்.
எதுவும் பேசவில்லை.
பதினோரு மணிக்கு அரை அடி தூக்கச் சொல்லி போன் வந்தது,
சைக்கிள் எடுத்தேன்.

விடிந்து திரும்பியபோது
பால்காரர் வாசலில் நின்றார்.
நோட்டு இருந்தது.
பென்சிலைக் காணோம்.