அரிக்கிறதா, வலிக்கிறதா

என் கண்ணால்தான் என் வீட்டுக்காரருக்குக்
கெட்ட பெயர் வந்தது.
விடிந்து எழுந்தால் இரண்டும் செக்கச் செவேல்,
இமை பணியாரமாய் உப்பியிருக்கும்.
"நம்புவேல் நேத்தும் கைநீட்டிட்டானா?"
குழாயடியில் ஆரோக்கியமேரி கேட்டாள்.
அவர் மூன்று நாளாய்க் கடலில் என்றேன்.
யாரும் நம்பவில்லை.

பிறகு மெட்ராஸ் ஐ என்றார்கள்.
பாம்பன் ஷேர் ஆட்டோவில்
எனக்கு மட்டும் இரண்டு ஆள் இடம்.
பாசி ஏவாரி காசைக் கையில் தராமல்
தராசுத் தட்டில் வைத்தார்.

நானும் கடலைத்தான் திட்டினேன்.
விரலுக்குத் துணி சுற்றி
காலில் தகரத் தட்டு கட்டி
கண்ணாடி மாட்டிக்கொண்டு
கஞ்சிப்பாசிக்கு முங்குகிறவள் கண்ணில்
உப்பு ஏறாமல் வேறு என்ன ஏறும்?
மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டேன், கொடுத்தார்கள்.
ஒரே நாளில் வெளுத்தது.
குப்பி தீர்ந்ததும் சிவந்தது.
மாசி தொடங்கிப் பங்குனி முடிய
நாலு குப்பி.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஷமீமா என் கண்ணைப் பார்க்குமுன்
குப்பியைப் பார்த்துக் கோபப்பட்டார்.
"யாரு குடுத்தா இதை?
மேல சிவப்பை அமுக்கும், உள்ள அழுத்தத்தை ஏத்தும்.
ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டு வரும்,
உனக்கே தெரியாது."
நாடியைத் தாங்கியில் வைக்கச் சொல்லி
அழுத்தம் அளந்தார்.
"தப்பிச்சே."

அப்புறம்தான் கேட்டார்.
"அரிக்குதா, வலிக்குதா?"
அரிக்குது.
"ஒரு கண்ணா?"
ரெண்டும்.
"எங்க இருந்தா அரிக்காது?"

அதை யாரும் என்னைக் கேட்டதில்லை.
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
தண்ணிக்குள்ள, என்றேன்.
எனக்கே வெட்கமாய் இருந்தது,
இத்தனை நாள் யாரைத் திட்டினேன் என்று.

வீட்டைச் சுற்றி சீமைக்கருவேலம்.
மஞ்சள் புழு மாதிரித் தொங்கும் பூ.
கொடியில் காயும் சேலையில்,
தலையணை உறையில், பின்னல் முடியில்
கண்ணுக்குத் தெரியாமல் வந்து படிந்த தூள்.
"ஒண்ணும் செய்யாத பொடிதான்.
உன் உடம்பு அதை எதிரின்னு நெனச்சுச் சண்டைக்குப் போகுது."
வெறுமனே மிதக்கும் வள்ளத்தை
விளக்கடித்து வளைக்கும்
ரோந்துக் கப்பலை நினைத்துக்கொண்டேன்.

மரத்தை வெட்டிரட்டுமா என்றேன்.
சிரித்தார். காற்று தொண்டியிலிருந்தும் கொண்டுவருமாம்.
அதுவும் போக, அந்த மரத்தை மூட்டம் போட்ட கரியில்தான்
பாசி கிடைக்காத மாதம் எங்களுக்குச் சோறு.
எரியும்போது புகையாய் ஒரு தடவை,
பூக்கும்போது தூளாய் ஒரு தடவை.

புதுக் குப்பி காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
அடுத்த வருஷம் பூ வருமுன்பே தொடங்கிவிட வேண்டும்.
துணியை வீட்டுக்குள் காயப்போட்டேன்.
படுக்குமுன் தலையை அலசினேன்.
பானைத் தண்ணீரில் நனைத்த துணியைக்
கண்மேல் போட்டுக் கிடந்தேன்.
எல்லாம் செய்துவிடலாம், கசக்காதே என்றாரே,
அதுதான்.
பிள்ளை தொட்டிலில் கத்தும்போது
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

கண் தெளிந்தது.
ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆனியில் வள்ளம் திரும்பவில்லை.
ஒரு ராத்திரி, ஒரு பகல்,
இன்னொரு ராத்திரி.
கரையில் நின்ற என்னைப் பார்த்து ஆரோக்கியமேரி
"மருந்து போட்டியா?" என்றாள்.
போட்டேன் என்றேன்.
பழக்கத்தில் கை கண்ணுக்குப் போய்
பாதியில் நின்றது.
அரிக்கவில்லை.

மறுநாள் மதியம்
எஞ்சின் செத்த வள்ளத்தைக்
கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.
இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தவர்
என் முகத்தைப் பார்த்து நின்றார்.
"மறுபடி கருவேலமா?"

ஆனியில் எங்கள் பக்கம் ஒரு பூ இல்லை.
ஆமாம் என்றேன்.