பதினாறு நொடி

நாடகத்தில் மூன்றாம் பாட்டு முடிந்ததும்
விளக்கணையும்.
மரப்படிக்கட்டை ஆர்லோ தள்ளிக்கொண்டு போக
பதினாறு நொடி வேண்டும்.
அந்த இருட்டுக்கு ஓபோ வாசிக்கத்தான்
கிளீவ்லண்டில் எனக்குச் சம்பளம்.
உன்னைவிட இடது சக்கரம்
சுருதி சுத்தமாய்க் கிறீச்சிடுகிறது என்பான்.

படத்தில் படிக்கட்டை யாரும் தள்ளவில்லை.
ஒரு வெட்டு,
வரவேற்பறை கடற்கரையாகிவிட்டது.

இசைத்தட்டு வாங்கி வந்தேன்.
உறை முழுக்க நடிகையின் தொப்பி.
தொண்ணூறு பேர் வாசித்திருக்கிறார்களாம்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
மயிரிழை அகலத்தில் ஒரு கறுப்பு மினுக்கம்,
அவ்வளவுதான்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆர்லோ
ஊசியைத் தூக்கிப் பிடித்தான்.
"வாசி."

பாதியில் மூச்சு முட்டியது.
கீழ்வீட்டு ஸ்கலிட்ஸ்கி துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தாள்.
அவன் அவசரப்படவில்லை.
படிக்கட்டு போய்ச் சேர்ந்த பிறகுதான்
ஊசியை இறக்கினான்.