பதினேழாம் அத்தியாயம்

ருத்ராவை நான்தான் அப்படி எழுதினேன்.
பதினாறு அத்தியாயம் வரை
அவளுக்கு ஒருமுறைகூடச் சிறுநீர் முட்டவில்லை.
காசிமேட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே
மூன்று பேரை உதைத்தாள்.
துறைமுகத்தில் கன்டெய்னர் விட்டுக் கன்டெய்னர் தாவினாள்.
கூந்தல் காற்றில் விரிந்தே இருந்தது,
வாயில் ஒரு மயிரும் நுழையவில்லை.

எனக்குத் தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி.
படியிறங்கும்போது
விளக்கில்லாத இரண்டாவது மாடியில்
சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்துக்கொள்வேன்.
அந்தச் சாவியை
ருத்ராவிடம் தரத் தோன்றியதே இல்லை.

பதினேழில் அவள் எண்ணூர்க் கழிமுகத்தை
இரவில் கடக்க வேண்டும்.
எதிர்க்கரையில் படகு, படகில் கடத்தல்காரன்.
"அம்பெனப் பாய்ந்தாள்" என்று எழுதிவிட்டு
அம்பு எதை ஊன்றி நடக்கும் என்று
ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்.

டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்க
டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைக்கும் நேரத்தில்
பஸ் பிடித்துப் போய் இறங்கினேன், நேராகத் தண்ணீருக்குள்.

முதலில் போனது இடது செருப்பு.
சேறு அதைக் கேட்டு வாங்கவில்லை, உறிஞ்சிக்கொண்டது.
சுடிதார் தண்ணீர் குடித்து
இன்னொரு ஆளைத் தூக்குவது போல் கனத்தது.
நான்காம் அடியில் ஆளி ஓடு
உள்ளங்காலைத் திறந்தது.
அந்தச் சாம்பல் தண்ணீரில்
ரத்தம்கூடச் சிவப்பாகத் தெரியவில்லை.
"ஐயோ" என்றேன்.
ருத்ரா இதுவரை சொல்லாத சொல்.

அப்போதுதான் பார்த்தேன்.
கழுத்தளவு நீரில் குந்தியிருந்தாள் ஒருத்தி.
ஓலைப் பறியின் விளிம்பு அவள் பல்லிடுக்கில்.
இரண்டு கையும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டிருந்தன.
இறால் அகப்பட்டால் பறிக்குள்,
அகப்படாவிட்டால் அடுத்த தடவல்.

ஆழம் எவ்வளவு, அந்தப் பக்கம் போகலாமா,
பயமாக இல்லையா என்று
என்னென்னவோ கேட்டேன்.
வாய் காலியாக இல்லை.
புருவத்தால் ஒருதரம் இடப்பக்கம் காட்டினாள்.
அங்கே கால் வைக்காதே.

அனல்மின் நிலையத்துச் சுடுநீர்
எங்கிருந்தோ ஊர்ந்து வந்து முழங்காலைத் தொட்டதும்
சட்டென எழுந்துவிட்டாள்.
நிற்கவில்லை, முறைக்கவில்லை,
கரையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.
நானும் பின்னால், நொண்டிக்கொண்டு.

பறியைப் பல்லிலிருந்து எடுத்துத்தான் பேசினாள்.
"இன்னா, கால தொலச்சியா, செருப்ப தொலச்சியா?"
"செருப்பு."
"அப்ப சரி."
பெயர் மல்லீஸ்வரி என்றாள்,
பாதிக் கவனம் இறாலை எண்ணுவதில்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசை.
ஓ.பி. சீட்டின் பின்புறம் எழுதத் தொடங்கினேன்.
கொத்தமல்லிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டால்
ருத்ரா கூந்தலைக் கட்டினாள்.
இறங்கினாள். செருப்பு போனது.
பத்தடியில் திரும்பி வந்துவிட்டாள்.
கரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்,
அழுகை முடிந்ததால் அல்ல,
நேரமாகிவிட்டதால் மறுபடி இறங்கினாள்.
கத்தி பல்லில் இருந்தது.
எதிரியைப் பார்த்துச் சொல்ல வைத்திருந்த வசனத்தை
எச்சிலோடு விழுங்கினாள்.

பதிப்பகத்திலிருந்து போன்.
"மேடம், ஹீரோயின் திரும்பி வர்ற சீன் வேணாம்.
அழுவுறதும் வேணாம்."
"திருத்திடறேன் சார்" என்றேன்.
அந்த மாத வாடகை அவரிடம்தான் இருந்தது.

சீட்டின் முன்புறம் நர்ஸ் போட்ட என் வயது,
முப்பத்தேழு,
மை ஊறிப் பின்புறம் வந்து
ருத்ராவின் வரிகளுக்கிடையே தலைமாறி நின்றது.
ஆறு வருடமாக அவளுக்கு இருபத்திரண்டுதான்.

இன்னும் திருத்தவில்லை.
படகு எதிர்க்கரையில் காத்திருக்கிறது.
அவள் பாதித் தண்ணீரில்
ஒவ்வொரு அடியாக மிதித்துப் பார்த்துக்கொண்டு,
இடப்பக்கம் கால் வைக்காமல்.