வலப்பக்க விளக்கு

குவோபியோவில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே ஏரி கறுத்துவிடும்.
பல்செட் செய்யும் கூடத்தைப் பூட்டிவிட்டு வருகிறேன்.
கோட்டுப் பையில்
முனை மழுங்கிய இரண்டு துருவிகள்,
தேய்ந்துபோன ஒரு மெருகுச் சக்கரம்.
யார் யார் கடைவாய்க்கோ உழைத்தவை,
இனி என் கார்களுக்கு.

இருபத்துநாலில் ஒரு பங்கு கார்.
பெட்டியைத் திறந்தால்
சட்டங்களில் காய்த்துத் தொங்குகின்றன
கதவு, கைப்பிடி, கியர்க்கோல்.
பறிக்கக் கூடாது. நறுக்க வேண்டும்,
காம்பு கொஞ்சம் விட்டு முதலில்,
ஒட்ட நறுக்குவது பிறகு.
அவசரத்துக்குத் தண்டனை
ஒரு வெள்ளைத் தழும்பு.

பச்சை அடிக்கிறேன்.
எந்தப் பச்சை என்று கேட்டால்
லிங்கன்பெரி இலையின் மேற்புறம்;
அடிப்புறம் அல்ல.
ஸ்ப்ரே டப்பாவுக்குக் கைச்சூட்டு நீரில் குளியல்.
குளியலறையில் ஷவரைத் திறந்து மூடினால்
காற்றின் தூசியெல்லாம் தரையில் படிந்துவிடும்.
மூச்சைப் பிடித்து ஒரு வீச்சு.
காயவிட்டு
இன்னொன்று.
அப்படியும் பானெட்டின் நட்ட நடுவே
பூனையின் முடி ஒன்று
கையெழுத்துப் போட்டிருக்கும்.

எட்டு நாள் காத்திருந்து
தெளிவார்னிஷைத் தேய்க்கிறேன்.
ஈரத்தாள் இரண்டாயிரம், பிறகு நாலாயிரம்,
ஆரஞ்சுத் தோல் கண்ணாடியாகும்வரை.
மடிப்புகளில் மட்டும் கை வைக்க மாட்டேன்.
அங்கே பச்சை மெலிந்திருக்கும்,
ஒரு இழுப்பு கூடினாலும்
பிளாஸ்டிக் பல்லைக் காட்டிவிடும்.
பல்லைப் பார்த்தது போதும் எனக்கு, பகலெல்லாம்.

கடைசியில் பக்கக் கண்ணாடி.
வெள்ளித்தாள் ஒட்டி,
ஓரம் சீவி,
இடுக்கியில் பிடித்து
மூச்சு விட்டேன்.
டிக்.

அவ்வளவுதான். போயிற்று.

விளக்கை அணைத்தேன். டார்ச்சைத் தரையோடு தரையாய்ப் படுக்கவைத்தேன்.
இப்படிப் பிடித்தால்
கம்பளத்தில் ஒவ்வொரு துகளுக்கும்
மரத்தின் நிழல் உண்டு.
ஒரு பருக்கை சோறு,
செவ்வாய்க்கிழமை மாத்திரை,
பூனை மறைத்துவைத்த பொத்தான்.
மேசைக்காலின் ஓரம்
உளுந்தில் பாதி அளவில்
ஒரு முகப்பு விளக்கு.

இந்தக் காரினது அல்ல.

இரண்டு குளிர்காலம் முன்பு
டோர்ஸ்டி ஹுவாரினனுக்குச் செய்த மஞ்சள் சாப்.
ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர்,
அவருடைய முதல் கார் அது.
ஒற்றைக் கண்ணோடு கொடுத்தேன்.
மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள்
கதவு சாத்திக்கொண்டது.

தீப்பெட்டியில் பஞ்சு வைத்து
விளக்கைப் படுக்கவைத்தேன்.
சூப்பர் குளூ ஆகாது, புகை படியும்;
காய்ந்தால் தெளிகிற பசையை எடுத்தேன்.
இரவு ஒன்பது.
போன் செய்யாமல் மணி அடிப்பது இந்த ஊரில்
தீயணைப்புக்காரர் வேலை.
அடித்தேன்.

வாசலில் பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு நின்று
தீப்பெட்டியை நீட்டினேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"வலப்பக்கமா?"
"வலப்பக்கம்."

"என் வண்டிக்கும் வலப்பக்கம்தான் எரியாது, ஐலா.
அதை எப்படித் தெரிந்துகொண்டாய் என்று
ரெண்டு வருஷமா
டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி
மாய்கிறேன்."

தீப்பெட்டியை மூடினேன்.
மூடுகிற சத்தம் எனக்கு மட்டும்
கொஞ்சம் பெரிதாய்க் கேட்டது.
"பார்த்தால் தெரியாதா" என்றேன்.

அவர் குனிந்தார்.
"உன் காலுறையில் ஏதோ மின்னுகிறது."

கம்பளி இழையில் சிக்கி
மூன்று மாடி ஏறி வந்திருந்தது
என் பக்கக் கண்ணாடி.
சிரித்துக்கொண்டே அதைக் கிள்ளி எடுத்துப்
பஞ்சில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

காப்பி கொதித்தது.
ஃபிரிட்ஜின் மேலிருந்து சாப்பை இறக்கி
ஓட்டுநர்க் கையுறையால் தூசி தட்டினார்.
வார்னிஷ் அப்படியே இருந்தது,
சமையலறை பல்பு அதில் நீளமாய் வழுக்கியது.

வைப்பர் ஒன்றைக் காணவில்லை.
நான் கேட்கவில்லை.