நெஞ்சளவு

இருபத்திரண்டு வருடம்
ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான்.
ஜங்ஷனிலிருந்து பாபநாசம்.
சேரன்மகாதேவி தாண்டி டிரைவர் ஒடிக்கிற ஒடிப்பில்
வண்டியே சாய்ந்தாலும்
விரலிடுக்கில் நோட்டு, காதில் பேனா,
இடுப்பு தானாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது பாளையங்கோட்டையில்
ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே,
வெதுவெதுப்பான தொட்டியில்
இரண்டு கையாலும் கம்பி.
இரண்டு கை என்பது பேச்சுக்கு.
இடதை வலதுதான் தூக்கி அங்கே வைத்தது.

"பைய, அண்ணாச்சி. குதிகால் மொதல்ல"
என்கிறாள் ஜெபக்கனி.
குதிகாலுக்குத் தகவல் போய்ச் சேர நேரமாகிறது.
கேட் போட்ட லெவல் கிராஸிங்கில்
எங்கோ நின்றுவிட்டு வருகிறது.
வருகிறது.
தண்ணீருக்குள் என் பாதம்
யாருடையதோ போல வெளுத்து, கோணி,
ஆனாலும் முன்னால் போகிறது.

தரையில் விழுவதற்கு முன்னறிவிப்பு கிடையாது.
அன்றைக்குக் குளியலறைச் சுவருக்கும் எனக்கும் நடுவே
ஒரு நொடிகூட இல்லை.
இங்கே விழ நேரம் எடுக்கும்.
சாயலாம், யோசிக்கலாம்,
வேண்டாம் என்று நிமிரலாம்.

எதிர்க் கம்பியில் ஏட்டு கொம்பையா.
அம்பை ஸ்டேஷன். ஒருநாளும் டிக்கெட் எடுத்ததில்லை;
"ஸ்டாஃப்" என்று மீசையைக் காட்டுவார்.
அந்த மீசை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது.
பேச்சு போய்விட்டது.
எனக்கு இடது, அவருக்கு வலது;
சேர்த்தால் ஒரு முழு ஆள்.
"ஏட்டையா, எங்க இறங்கணும்?" என்றேன்.
விளங்காத அந்த வலது கையால்
தண்ணீரை என்மேல் தள்ளினார்.
நாலு துளிதான் வந்தது.
ஜெபக்கனி நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நெஞ்சளவுத் தண்ணீரில் உடம்பு
மூன்றில் ஒரு பங்குதானாம்.
மீதி எங்கே என்று நான் கேட்கவில்லை.
சில்லறை இல்லாதபோது
டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்திருக்கிறேனே
எத்தனை பேருக்கு:
"இறங்கும்போது வாங்கிக்கிடுங்க."

வெளியே ஏறப் படி ஐந்து.
முதல் படியில் இடுப்பு திரும்பி வருகிறது.
இரண்டாவதில் தொடை.
மூன்றாவதில் ஈர டவுசரின் கனம்கூடச் சேர்த்து
ஒரு பைசா குறையாமல்
எண்ணி எண்ணித் தருகிறது தண்ணீர்.
மேலே சண்முகவடிவு துண்டோடு நிற்கிறாள்.
கை நீட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.
துண்டின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

நாலாவது படியில்
கொஞ்சம் நிற்கிறேன்.