மரம் இலக்கம் 147

மூன்று மீட்டர் நாடா போதவில்லை.
அந்தப் பக்கம் நிஸ்ஃபா பிடித்திருந்தாள்,
இந்தப் பக்கம் நான்,
இடுப்பளவு ஹீன் எலத் தண்ணீரில்.
கொலன்னாவைக் குப்பையின் கசிவும்
ராஜகிரியச் சலவை நுரையும்
கலந்து ஓடும் சாயத் தேத்தண்ணி.
மிச்சத் தூரத்துக்கு என் துப்பட்டாவை முடிந்தோம்.
மூன்று மீட்டரும் ஒரு துப்பட்டாவும்
என்று எழுத முடியாது.

தூண்களின் மேல் வரப்போகும் தெருவுக்காக
மரங்களைக் கணக்கெடுக்கிறோம்.
படிவத்தில் பதினொரு கட்டம்.
இனம்: மருது.
சுற்றளவு. உயரம். பலகை எத்தனை கன அடி.
பிறகு, வனசீவராசிகள்: உண்டு / இல்லை.
பொருத்தமற்றதை வெட்டிவிடுக.

'இல்லை'யை வெட்டினேன்.
அவ்வளவுதான், அடுத்த கட்டம்.

மேலே நீர்க்காகங்கள்
கொடியில் போட்ட கறுப்புச் சட்டைகளாய்
சிறகைக் காயவிட்டிருந்தன.
அவற்றின் எச்சம் என் தொப்பியில்.
வேர்களுக்கிடையில்
பெரிய மீன் நுழைய முடியாத இருட்டில்
நகக்கண் அளவு குஞ்சுகள்.
இலைக்காம்புச் சுரப்பியில் எறும்பு.
கபரகொய்யா ஒன்று கரையேறி
வட்டிக்குக் கொடுத்தவனின் நிதானத்தோடு
எங்களைத் தாண்டிப் போனது.

சல்வீனியா அள்ளும் படகிலிருந்து
பியரத்ன கூப்பிட்டார்.
வேரடிச் சேற்றில் ஒரு கால்தடம்,
வீட்டுப் பூனைக்கு மிகப் பெரிது.
"ஹந்துன் திவியா," என்றார் தணிந்த குரலில்,
தூங்குகிற பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல.
மீன்பிடிப் பூனை.
பொந்தின் வாயில் காய்ந்த விட்டையில்
மீன் செதில்கள் மினுங்கின,
எந்தக் கடையிலும் செல்லாத சில்லறை.

நிஸ்ஃபாவுக்கு இந்த மரத்தைத் தெரியும்.
வெல்லம்பிட்டி மூழ்கிய வருடம்
அவர்கள் நான்கு நாள் கூரையில்.
எதிரே இதன் கொப்புகளில்
சாரைப்பாம்பு, கீரி, எலிகள்,
யாருடையதோ ஒரு கோழி.
"எல்லாம் ஒற்றுமையாக இருந்ததா?"
"சும்மா இரு. நாளுக்கு நாள் எலி குறைந்தது.
ஆனால் ஒன்றும் தண்ணீரில் விழவில்லை."

தொலைபேசியில் கனகேந்திரன் சேர்,
பத்தரமுல்லைக் குளிரறையிலிருந்து:
"கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கிறதே,
பெறுமதி?
மரக்காலை விலையைப் பார்த்துப் போடுங்கோ."
பார்த்தேன். போட்டேன்.
நல்ல தொகைதான்.
ஒரு பழைய ஓட்டோ வாங்கலாம்,
ஒரு பூனை வாங்க முடியாது.

பிறகு சிவப்புப் பூச்சை எடுத்து
நெஞ்சுயரத்தில் எழுதினேன்: 147.

மழை முடிந்து திரும்பி வந்தபோது
146 இருந்தது, 148 இருந்தது.
இடையில் ஒரு மரம் சாம்பலும் இளஞ்சிவப்புமாய்
புதுத்தோலோடு நின்றது, இலக்கமில்லாமல்.
மருது பட்டை உரிக்கும் என்பது
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
சாதாரண தரப் பரீட்சைக்கு
மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்று
பாடமாக்கியவள்தானே.
காரணம் கேட்காமல் முகம் திருப்பிக்கொண்டது மரம்.

வேரடியில் கிடந்த பட்டைத் துண்டில்
ஏழு மட்டும் இருந்தது.
அதன் கீழே ஒரு நத்தை
ஈரத்துக்காக ஒட்டியிருந்தது.

"திரும்ப எழுதுங்கோ," என்றார் சேர்.
எழுதினேன்.
சம்பளம் மாத முடிவில் வரும்.
ஆனால் இந்தமுறை சுரண்டிச் சுத்தம் செய்யவில்லை,
பழைய பட்டை எங்கே தளர்ந்து
உரியத் தொடங்கியிருக்கிறதோ
அங்கே பார்த்து எழுதினேன்.

நிஸ்ஃபா கண்டாள்.
நாடாவைச் சுருட்டிக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல்
148ஐ நோக்கி நடந்தாள்.