அறுபத்துநான்கு

ஓர்ஹூஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
ஒரு சலவைக்கடை மாடியில்
வியாழன்தோறும் பேக்கேமன்.
கீழே இயந்திரங்கள் சுழலும்போது
மேசையில் காய்கள் லேசாக நடுங்கும்.

சுவர்ப்பட்டியலில் ஸிஸ்ஸெல் ப்ராம்மிங்
முதல் பெயர்.
பதினான்காவது நான்.
அவள் கண்ணாடிக்கடையில் பார்வை அளப்பவள்.
நான் லிஃப்ட் பரிசோதகன்;
எட்டுப் பேர் ஏறலாம் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு
அதே லிஃப்டில் இறங்கி வருகிறவன்.
பயந்தவன் என்று என்னை
யாரும் சொன்னதில்லை.

ஏழு புள்ளி ஆட்டம்.

முதலாவதில்
மூன்றாம் உருட்டலிலேயே
கட்டையைத் திருப்பி இரண்டு வைத்தேன்.
நிலைமை கொஞ்சம்தான் எனக்குச் சாதகம்,
ஒரு நகக்கண் அளவு.
நீண்டால் அவள் ஜெயிப்பாள்,
சீக்கிரம் முடியட்டும் என்றொரு கணக்கு.
பந்திக்கு முந்திய கை.
அவள் தலை நிமிராமல்
"எடுத்துக்கொள்கிறேன்" என்று
கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
அதன்பின் அது அவளுடையது.
என் கையிலிருந்த ஒரே மிரட்டலை
நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன்.
ஒன்பது உருட்டல் பொறுத்து
அவள் அதை நான்காகத் திருப்பி அனுப்பினாள்,
கடன் வாங்கிய குடையைத்
திருப்பித் தருகிற மரியாதையோடு.
விட்டுக்கொடுத்தேன். இரண்டு போயிற்று.

இரண்டாவதில் இரட்டித்தவள் அவள்.
அவளுடைய ஐந்தாம் வீட்டில்
என் இரண்டு காய்கள் ஊன்றி நின்றன.
வெட்டுப்பட்டது ஒன்றே ஒன்று.
நாலில் ஒரு பங்கு வாய்ப்பிருந்தால்
எடுக்க வேண்டும்;
அது எனக்கும் தெரியும், கீழே
சலவைக்குக் காத்திருக்கும் மாணவனுக்கும் தெரியும்.
பலகையை நான் பார்க்கவில்லை.
அவள் முகத்தைப் பார்த்தேன்.
இவளே இரட்டிக்கிறாள் என்றால்
நான் காணாத ஏதோ இருக்கிறது.
இருண்டதெல்லாம் பேய்.
"விடுகிறேன்" என்றேன்.
அவள் காய்களை அடுக்கிக்கொண்டே,
என்னிடம் இல்லை, காய்களிடம்,
"நான் எடுத்திருப்பேன்" என்றாள்.

மூன்றாவதை
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் இரட்டித்தாள்.
இந்த முறை வீம்புக்கு எடுத்தேன்.
பகடை என் பக்கம் சாய்ந்தது:
இரட்டை ஐந்து, பிறகு ஆறு-நான்கு.
அவள் காய் ஒன்று நடுக்கம்பியில்.
என் வீட்டில் ஐந்து கதவுகள் சாத்தி
ஆறாவதில் மட்டும்
துணையில்லாமல் என் காய் ஒன்று.
அதை அடிக்க அவளுக்கு ஒரு மூன்று வேண்டும்.
முப்பத்தாறில் பதினொன்று.
கட்டை என்னிடம்.
திருப்ப வேண்டிய நேரம் அதுதான்.

திருப்பவில்லை.

உள்ளங்கையில் வைத்திருந்தேன்,
அவித்த முட்டையைப் போல் சூடு ஏறும்வரை.
இரட்டை வெற்றிக்கு ஆடுகிறேன் என்று
எனக்கே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன்.
உண்மையில்,
நான்கு என்று வைத்தபின்
அவள் அந்த மூன்றைப் போட்டுவிட்டால்
கட்டை அவள் கையில் எட்டாகும் என்று
தொண்டை வறண்டு போயிருந்தது.

மூன்று-ஒன்று போட்டாள்.

மழை. சைக்கிள் இருக்கையில் தேங்கிய நீரைச்
சட்டைக் கையால் துடைத்தபோதுதான் உறைத்தது:
அந்தச் சின்னக் கட்டைக்கு
எதிரே இருப்பவள் யாரென்று தெரியாது.
பட்டியல் தெரியாது. பதினான்கு தெரியாது.
ஒவ்வொரு முறையும் அது கேட்டது
பலகையைப் பற்றி ஒரு கேள்வி.
நான் பதில் சொன்னதெல்லாம்
அவளைப் பற்றி.

ஆனால் இது உறைத்ததாலேயே
அடுத்த வாரம் கை நடுங்காது என்று
எழுதிக்கொடுக்க மாட்டேன்.
கம்பிக்கு அப்படிக் கொடுப்பேன். எனக்கு இல்லை.

தொடங்குமுன் கட்டையை நடுவில் வைப்பார்கள்,
அறுபத்துநான்கு மேலே தெரிய.
அதன் பொருள் ஒன்று.
யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை
என்பதைச் சொல்ல
அதன் மிகப் பெரிய எண்.

அந்த எண்ணுக்குத்தான்
மேசையில் உட்காரும்போதே
நான் பயந்துவிடுகிறேன் போலும்.